பாசலில் கேட்ட மேளம்

பாசல் நகரத்து ஓவியக் கூடத்தில் எதையும் பார்க்காமல் அறை அறையாக நடக்கிறான் ஏகாம்பரம். மாமல்லபுரத்துக்காரன். கல்பாக்கத்தில் என்னோடு வேலை. இப்போது சுவிட்சர்லாந்தில் என்னோடு பயிற்சி. ஊரில் அவன் அப்பா இறந்த தகவல் எங்களுக்கு வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. அறையில் தனியாக விடப் பயந்து நான்தான் இழுத்து வந்தேன். வந்திருக்கக் கூடாது.

ஒரே ஒரு படத்தின் முன் நிற்கிறான். பெட்டி போல நீண்ட சட்டத்துக்குள் இறந்த மனிதன் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான்.

"கால் கட்டவெரலக் கூட கட்டாம வுட்டுகிறானுங்க பாரு மச்சான். எங்க நைனாவுக்கு யாரு கட்டுனாங்களோ."

வெளியே மேளம் கேட்கிறது. அவன் விடுவிடுவென்று வாசலுக்குப் போகிறான். கோட்டைக்கூடப் போடாமல் நானும் பின்னால் ஓடுகிறேன். தெருவில் முகமூடி போட்ட மேளக்காரர்கள் மெல்ல அடியெடுத்து வருகிறார்கள். தரையெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்குகள், பூவும் பொரியும் இறைத்ததுபோல.

"இன்னா மச்சான், இங்கயும் சாவா?"

பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் ஆங்கிலத்தில் விசாரிக்கிறேன்.

"கார்னிவல்! முகமூடி இல்லாதவர்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்" என்கிறாள்.

திரும்பினால் ஏகாம்பரத்தைக் காணோம். அவனுடைய ஷூக்கள் மட்டும் கிடக்கின்றன. அவன் மேளத்துக்கு முன்னால், நடுத்தெருவில், நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுகிறான். எங்கள் ஊரில் பாடைக்கு முன்னால் ஆடும் ஆட்டம்.

"உங்கள் நண்பருக்கு என்ன ஒரு சந்தோஷம்!" என்கிறாள் அந்தப் பெண்.

நான் குனிந்து ஷூக்களை எடுத்துக்கொள்கிறேன்.