முறை வைத்த சொட்டு மருந்து

பத்தொன்பது வயதில் கண்ணாடி போடும்வரை சிதம்பரம் கோபுரத்துப் பொம்மைகளுக்கு முகம் உண்டு என்று எனக்குத் தெரியாது. வண்ண வண்ணமாக எதையோ மேலே குவித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தெருவில் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல் கடந்து போவேன். "பாத்தும் பாக்காத மாதிரி போறான் பாரு, திமிரு" என்பார்கள். பள்ளியில் கரும்பலகையில் எழுதியதை வாசிக்கச் சொன்னால் நின்றுகொண்டே இருப்பேன். மக்கு என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பலகையே தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை, நானும்தான்.

சேத்தியாத்தோப்பில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது இலவசக் கண் முகாம் ஒன்று வந்தது. அங்கேதான் எனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். பிறகு லாரியில் கிளீனர், கடலூர் முதுநகரில் ஐஸ் உடைக்கும் வேலை, செங்கல் சூளை என்று பல இடம் சுற்றினேன். எங்கும் ஒரு வருஷம் தங்கியதில்லை. இரண்டாயிரத்து எட்டில் சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கல்லுக்கு முன்னால் நின்றால் கண்ணாடி ஆவி படிந்துவிடும், துடைத்தால் மாவு ஒட்டிக்கொள்ளும். திருப்பூருக்குப் போய்விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா மகளுக்கு ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாகக் கண்ணாடி மாற்ற வேண்டிவந்தது. அவளுக்குப் பத்து வயது. மச்சான் மஸ்கட்டில் இருந்தார். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கடலூரில் கண் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, பவர் வேகமாக ஏறுகிறது என்றார். பிள்ளைகளுக்கு அப்படி ஏறாமல் பிடித்து நிறுத்த ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, அது எவ்வளவு உதவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். பொறுமையாகவே விளக்கினார். சில பிள்ளைகளுக்கு மருந்து, சில பிள்ளைகளுக்கு மருந்தில்லாத தண்ணீர். இரண்டு புட்டியும் ஒரே மாதிரி இருக்கும், மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது. எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணை அளந்து பார்ப்பார்கள், கண்ணாடி அவர்களே கொடுப்பார்கள்.

"தெரியாமலேவா குடுக்குறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாயுமே. அதனாலதான்."

அக்கா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், "நம்ம புள்ளைக்கு மருந்துதான் குடுப்பாங்க, பாத்தா தெரியல?" என்றாள். எனக்கு வேறு நினைப்பு. இவளும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடக் கூடாது. அது ஒன்றுக்காகத் திருப்பூரைத் தள்ளிவைத்தேன்.

மாதம் ஒருமுறை காலி புட்டியைக் கொடுத்துவிட்டுப் புதுப் புட்டி வாங்கிவர வேண்டும். சில மாதம் நான் போவேன், சில மாதம் அக்கா போவாள். அந்தப் பயணத்தில்தான் லால்பேட்டை அம்மா பழக்கமானார். அவர் மகனும் அதே ஆராய்ச்சியில் இருந்தான், எங்கள் பிள்ளையைவிட ஒரு வயது சின்னவன். லால்பேட்டையிலிருந்து சிதம்பரம் வந்து, அங்கிருந்து எங்களோடு ஒரே பஸ்ஸில் கடலூர். ஜன்னலோரம் துண்டு போட்டு எங்களுக்கும் இடம் பிடித்துவைப்பார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தூக்குச்சட்டி திறந்துவிடும். என்ன கொண்டுவந்தாலும் முதலில் எங்கள் பிள்ளைக்குத்தான்.

"சாப்புடுங்கண்ணே. நோம்புக் கஞ்சியே பக்கத்து வூட்டுக்குக் குடுக்காம குடிக்கிறதில்ல நாங்க. இது என்னா?"

அவர் மகன் வெயிலில் இறங்கினால் கண்ணை இடுக்கிக்கொள்வான். அவன் கருமணி பூனைக்கு இருட்டில் விரிவதுபோல அகலமாக விரிந்திருக்கும். எங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. சொட்டு விட்ட மறுநாளும் கண் எப்போதும்போலவே இருந்தது. அம்மாக்கள் இரண்டு பேரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். டாக்டரம்மாவுக்குத் தெரியாதது பஸ்ஸில் தெரிந்துவிட்டது.

"எம் பொண்ணு கண்ணுக்கு மட்டும் தண்ணியாடா?" என்று அக்கா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"முன்னாடியே சொன்னாங்கல்லக்கா."

"சொன்னாங்க. நமக்குன்னு சொல்லலியே."

எனக்குப் பழகிப்போன விஷயம் அது. எங்கே வரிசையில் நின்றாலும் என் முறை வரும்போது தீர்ந்திருக்கும். ஆனால் அக்காவுக்கும் மச்சானுக்கும் அவள் ஒரே பிள்ளை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய மாதத்தில் எங்கள் பிள்ளை பள்ளி விட்டு வரும்போது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தாள். வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக் கடைவீதியில் ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னபோது அவள் எழுத்துத் தெரியாமல் நின்றாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நன்றாகப் படிக்கிறவள், இப்போது ஏன் இப்படி என்று கேட்டிருந்தார். பலகை தெரியாமல் நிற்பது எனக்குத் தெரியும். இவள் கையிலிருக்கும் புத்தகமே தெரியாமல் நின்றிருக்கிறாள். அக்காவிடம் சொன்னேன். மிஷினை விட்டுத் தலை தூக்காமல், "சரியாப் போவும்" என்றாள்.

ஆறு மாத அளவெடுப்புக்கு எல்லோரும் ஒன்றாகக் கடலூர் போனோம். டாக்டரம்மா எங்கள் பிள்ளையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு லால்பேட்டைப் பையன் கண்ணில் அடித்துப் பார்த்தார். மறுபடி இவள் கண். விரிந்திருந்த அவன் கண் சுருங்கியிருந்தது, இவள் கண் விரிந்திருந்தது.

"வேற ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"இல்லியே" என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில்.

பிள்ளைதான் சொன்னாள். "டாக்டர், அந்தத் தம்பி மருந்து வேணாம். எனக்கு புக்கு தெரியல. என்னோடதே குடுத்துடுங்க."

அக்கா தரையைப் பார்த்தாள். லால்பேட்டை அம்மா ஒன்றும் மறைக்கவில்லை. வீராணம் ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிற குடும்பம் அவருடையது. மடை திறந்தால் மேலே இருப்பவரே பாய்ச்சிக்கொண்டிருக்க முடியாது, கீழே இருப்பவருக்கும் முறை உண்டு. அதையேதான் செய்திருக்கிறார்.

"ஒரு மாசம் எங்க புட்டி அவுங்களுக்கு, அவுங்க புட்டி எங்களுக்கு. அடுத்த மாசம் அவுங்கவுங்களுது. திருப்பிக் குடுக்கும்போது நம்பர் மாறாம குடுத்துருவோம் டாக்டரம்மா. எம் புள்ளைக்கு மட்டும் மருந்து, பக்கத்துல ஒக்காந்திருக்க புள்ளைக்குத் தண்ணின்னா எனக்கு எப்படிம்மா சோறு எறங்கும்? அல்லாவுக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

டாக்டரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"வாய்க்கால்ல முறை வெச்சா ரெண்டு வயலும் விளையும்மா. இங்க ஒருத்தருக்கு இல்லாம இருந்தாதான் இன்னொருத்தருக்குக் கிடைச்சதால என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் பாதி பாதின்னா நான் எதை எதோட ஒப்பிட்டுப் பாக்கறது? அதைவிட, ஒரு புள்ளைக்குக் குடுத்த மருந்தை இன்னொரு புள்ளை கண்ணுல விடலாமா? ஏதாவது ஆயிருந்தா?"

"கண்ணு கெட்டுப்போச்சா?" என்றாள் அக்கா. அழுதுகொண்டிருந்தாள்.

"இல்ல. நிறுத்தினா கண்ணு பழையபடி ஆயிடும், புக்கு தெரியும். ஆனா ரெண்டு பேருக்கும் இனிமே சொட்டு கிடையாது. ஆராய்ச்சிக் கணக்குலயும் சேக்க முடியாது. மேலே சொல்லியாகணும், மறைக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அளவெடுக்க மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருதடவ வாங்க. பவர் மாறினா கண்ணாடி மாத்தணும். அதை விட்றாதீங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸிலும் லால்பேட்டை அம்மா இடம் பிடித்துவைத்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்காரவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டாள். முதுநகரில் கருவாட்டு வாசனை வந்தபோது, "இனிமே கடலூரே வேணாம்" என்றாள் என்னிடம். "மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா போயி அளந்துட்டு வரவா? இங்கயே கடையில ஒரு கண்ணாடி வாங்கிக்கலாம்."

"அவுங்க குடுத்த தண்ணிய நம்புன, மருந்த நம்புன. அளக்குறத நம்ப மாட்டியா?" என்றேன். "என்னை எவனாச்சும் ஆறு மாசத்துக்கு ஒருதடவ அளந்திருந்தா நான் மாவு பெசஞ்சிக்கிட்டு இருப்பனா?"

"பெசஞ்சிக்கிட்டுதான் இருப்ப. ஒனக்கு ஒரு எடத்துல குந்த முடியாது" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

அடுத்த மாதம் நான் திருப்பூருக்குப் போய்விட்டேன். பனியன் கம்பெனியில் தைத்த துணியை அளவுவாரியாகப் பிரிக்கும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லீவு கேட்பேன். கொடுத்தால் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் வேறு கம்பெனி. சிதம்பரம் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலூர் போய் வருவேன். லால்பேட்டை அம்மாவும் மகனோடு வந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு முறை அக்கா வரவில்லை. மூன்றாம் முறை வந்தாள், தட்டை சுட்டுக்கொண்டு. ஜன்னலோரத் துண்டை எடுத்துவிட்டு அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பவர் ஏறத்தான் செய்தது, முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி. அந்தப் பையனுக்கும் அப்படித்தான். மருந்து விட்ட மாதங்கள் உதவினவா, வயது ஏறியதால் தானே மெதுவானதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு புள்ளைங்களை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார். பல நூறு பிள்ளைகளைப் பார்க்கிறவர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவள் ஒன்பதாம் வகுப்பு. அந்த முறை அளவு மாறவில்லை, பழைய கண்ணாடியே போதும் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது வகுப்பில் எங்கே உட்காருகிறாய் என்று கேட்டேன்.

"கடைசி பெஞ்சு மாமா."

"யாரு ஒக்கார வெச்சது? நான் வந்து டீச்சர்கிட்ட பேசட்டா?"

"ஐயோ மாமா, நானாத்தான் ஒக்காந்தேன். அங்கேருந்தும் நல்லாத் தெரியுது. பேசிக்கிட்டும் இருக்கலாம்."