சந்தனப் பொட்டு வைத்த கராஜ் கதவு

2012இல் நாங்கள் முதல் கார் வாங்கினோம். பாரிசின் லா சப்பலில் கார் வாங்குவது சுலபம். அதை நிறுத்த இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. எங்கள் கட்டடத்துக்கு அடியில் இருந்த பொதுக் கராஜில் ஓர் இடம் கிடைத்ததும், மாளிகை வாங்கியவன் மாதிரிக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். தானாக ஏறி இறங்கும் இரும்புக் கதவு வேறு. வெளியே போகிறவர்கள் கதவு முழுதாக மூடும்வரை நின்று பார்த்துவிட்டே போகவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். முன்பு யாரோ பார்க்காமல் போய், உள்ளே நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்று களவு போயிருந்தது.

அந்த வருட நவராத்திரிக்குப் புறநகரான எபினேயில் வாணி விழா. மகள் முதன்முதலாக மேடையில் ஆடப்போகிறாள். அவளுடைய நடனத்தோடுதான் விழா தொடங்கும். தாயும் மகளும் மேலே அலங்காரத்தில் இருக்க, நான் வேட்டி கட்டிக்கொண்டு கீழே இறங்கிக் காருக்கு ஆயுத பூசை செய்தேன். கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சிவிட்டது. நாள் முழுக்க உழைக்கிற கதவை மட்டும் விடலாமா? மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு பொட்டு, சுவர்ப் பொத்தானுக்கு ஒரு பொட்டு, வாசல் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த சின்னக் கண்ணாடி வட்டத்துக்கு நல்ல தடிப்பாக ஒன்று. அந்த வட்டம் பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல இருந்தது.

மூவரும் புறப்பட்டோம். காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு ரிமோட்டை அமுக்கினேன். கதவு ஒரு சாண் இறங்கியது. பேயைக் கண்டதுபோல நின்று, திரும்ப மேலே ஏறிவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே கூத்து.

“இடையிலை ஆரும் நிண்டால்தான் உப்பிடிச் செய்யும்” என்றாள் மனைவி, காருக்குள் இருந்தபடியே.

காரை விட்டு இறங்கி உள்ளே ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே நின்ற ஒவ்வொரு காருக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். பூனையாக இருக்கலாம் என்று “மியாவ்” என்றேன். குழந்தையாக இருந்தால்? “பொன்ஜூர்” என்று பிரெஞ்சில் வணக்கமும் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

மகள் பிரெஞ்சில் கத்தினாள்: பிந்திவிட்டதாம். கோபத்தில் சலங்கையும் சேர்ந்து கத்தியது.

ஆளில்லை என்று தெரிந்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. கதவைக் கையால் இழுத்து மூடலாமென்று அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன்.

“இஞ்சேருங்கோ! அதுக்குக் கீழை நிக்காதேங்கோ! தலையிலை விழுந்தால் என்ன செய்யிறது?”

“அப்ப நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயிலிலை போம். நான் இதிலை காவல் நிக்கிறன்.”

“பிள்ளை ஆடுறதை விட்டிட்டுக் கதவு ஆடுறதைப் பாக்கப் போறியளே?”

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். வாசல் ஓரத்தில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“உதிலை ஆர் சந்தனம் வச்சது?”

“பூசை செய்தனான்…”

“உதெல்லோ கதவின்ரை கண்! ஆக்கள் குறுக்கை நிக்கினமோ எண்டு பாக்கிறது. அதின்ரை கண்ணை அடைச்சுப்போட்டுப் பூனை தேடுறியளோ?”

வேட்டித் தலைப்பால் துடைத்தேன். கதவு சாதுப் பிள்ளையாக இறங்கி மூடியது.

எபினே மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒலிபெருக்கியில் மகளை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்தே ஓடி மேடையேறினாள். மூச்சு வாங்கியபடியே ஆடினாள். ஓர் அடிகூடப் பிசகவில்லை.

பக்கத்துக் கதிரைக்காரர் கரியும் சந்தனமும் அப்பிய என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன அண்ணை, காரைத் தள்ளிக்கொண்டே வந்தனீங்கள்?”

“இல்லைத் தம்பி, பூசை கொஞ்சம் பலமாப் போச்சு” என்றேன்.