விளக்கு வைக்கும் நேரத்தில் மூடிய கதவு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், திருத்தணியை ஒட்டிய கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. கேட்டவர்கள் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழாயடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு லைன் வீடு இருக்கிறது. முன்பக்கம் நாங்கள் இருக்கிறோம். அங்கேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பின்பக்கம் வரிசையாக வாடகை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் கணவர் பொதட்டூர்பேட்டையில் தறி ரிப்பேர் பார்க்கிறவர். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். குடித்தனக்காரர்களோடு மல்லுக்கட்டுவது முழுக்க என் இலாகா. என் வாய்க்கு அதுதான் சரியான வேலை என்று அவர் சொல்லிக்கொள்வார்.

கடைசி அறைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, சின்னப் பெண் குழந்தையோடு குடிவந்தார்கள். வெளிமாநிலத்து ஆள் என்றால் எங்கள் பக்கம் லேசில் வீடு தரமாட்டார்கள். கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் நேரில் வந்து கேட்டதால் கொடுத்தேன். அந்தச் சிஸ்டரும் ஜார்க்கண்ட் மலைப்பக்கத்துக்காரர்தான். இங்கே வந்து வருடக்கணக்காகிறது. என்னைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசுவார். கட்டட வேலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு, குழந்தைகளுக்கு பால்வாடி, பெண்களுக்குத் தையல் என்று மடத்தில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆதார், ஆஸ்பத்திரி என்று இவர்களை அழைத்துக்கொண்டு அலைவதும் அவர்தான். எல்லாம் மதம் மாற்றத்தான் என்று தெருவில் ஒரு பேச்சும் உண்டு. ஆனால் இந்தத் தம்பதி கிறிஸ்தவர்கள் இல்லை, தங்கள் மலைச் சாமியைக் கும்பிடுகிறவர்கள். அதை மாற்றச் சொல்லி சிஸ்டர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அந்த மனிதர் கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்தார். வேலை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்று லேசாகத் தொண்டையைச் செருமுவார். வகுப்பில் படித்த தமிழை யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டுமே! "சாப்ட்டீங்களாக்கா?" என்பார். நான் திருப்பி "நீ சாப்ட்டியாப்பா?" என்பேன். "இன்னும் இல்லக்கா" என்று சிரித்துவிட்டுப் பின்பக்கம் போவார். தினமும் இதே பேச்சுதான், ஒரு எழுத்து மாறாது. இன்னும் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு மழை நாளில் சாரம் வழுக்கி மேலிருந்து விழுந்துவிட்டார். அரக்கோணம் ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி போனை அணைத்துவிட்டார். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. அவர்கள் ஜனத்தில் எரிக்கவும் மாட்டார்களாம். சிஸ்டர் போய்ப் பேசி, சர்ச் ஃபாதர் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப்பேர் கன்னியாஸ்திரீகள்தான்.

அதற்குப் பிறகுதான் வீடு வேறு மாதிரி ஆனது. அந்தப் பெண் அழவில்லை. அறைக்குள்ளும் போகவில்லை. நிலைப்படியை மறித்தபடி வெளியே சாரலில் படுத்துக்கொள்வாள். கதவை மட்டும் ஒருபோதும் சாத்தமாட்டாள். பொழுது சாய்ந்ததும் ஒரு தட்டில் சோறு போட்டுக் குழாயடியில் வைப்பாள். அவள் வாயில் ஒரு பருக்கை போய் நாங்கள் பார்க்கவில்லை. காலையில் பார்த்தால் தட்டில் சோறு வைத்தபடியே இருக்கும். நாய் தொடாது. காக்கா பக்கத்து மதிலில் வந்து உட்காரும், பார்க்கும், பறந்துவிடும். செத்தவர் சோற்றைக் காக்கா தொடவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லவா வேண்டும்?

குழந்தை செய்ததுதான் பெரிய வேலை. மடத்து பால்வாடியில் அது தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம், எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது, குழாய்ப் பக்கம் கையைக் காட்டி, சிஸ்டர் கற்றுக்கொடுத்த மரியாதையோடு தெளிவாகச் சொன்னது: "அப்பா வெளிய நிக்கிறாரு. நனையறாரு." அதன் பாஷையில் சொல்லியிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்காது. அன்று லைன் வீடு முழுவதுக்கும் புரிந்தது.

மலையடிவாரத்தில் பூ விற்கிற பெண் ஒருத்தி பக்கத்து அறையில் குடியிருந்தாள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, அந்தக் கொழந்த இன்னா சொல்லிகினு கீது கேட்டியா? ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்." மற்றக் குடித்தனக்காரர்களும் அதையே சொன்னார்கள். என் கணவரும் அந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்றார்.

நான் பெரிய தைரியசாலி போல அவர்களை அதட்டி அனுப்பினேன். உண்மையில் எல்லோரையும்விட நான்தான் பயந்திருந்தேன். காரணம், முந்தைய நாள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "இதோ வரேம்பா" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனவள், பாதியிலேயே நின்றுவிட்டேன். யாரென்று நினைத்துப் பதில் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் மடத்துக்குப் போய், அந்தப் பெண்ணை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். விடுதியில் இடம் இருப்பதாகவும், தானே கூப்பிட்டுப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். ஆனால் அவள் வரமாட்டாளாம். அவர்கள் வழக்கப்படி, இறந்தவரின் நிழலைத் தேடிப்போய் அழைத்துவந்து வீட்டுக்குள் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அவர் வீட்டோடு இருந்து பிள்ளைகளைக் காப்பார். சேர்க்காவிட்டால் வாசல் தெரியாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருப்பார். இவள் இந்த அறையைக் காலிசெய்தால் அவர் வந்து யாரைத் தேடுவார்? அதனால்தான் கதவைச் சாத்துவதில்லை, இடத்தைவிட்டு நகர்வதில்லை, சாப்பிடுவதும் இல்லை. இப்படியே போனால் இவளையும் அதே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டிவரும் என்று சிஸ்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியானால் அந்தச் சடங்கைச் செய்துவிடுங்களேன் என்றேன். கூட வேலை செய்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். ஆனால் நிழலை அழைத்து வரும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கேள்வி கேட்டு உள்ளே வரச்சொல்ல வேண்டும். துக்கப்பட்டவள் கேட்கக்கூடாது. ஊராக இருந்தால் ஓரகத்தி கேட்பாளாம்; இங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்களே கேட்கலாமே, உங்கள் ஊர் வழக்கம்தானே என்றேன்.

அதற்குச் சிஸ்டர், "எனக்குன்னு வீடு கிடையாதேம்மா. வீடு இருக்கிறவங்கதான் கேக்கணும்" என்றார்.

வீடு இருக்கிறவள் என்றால், நானா? அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில் செய்ய வேண்டுமாம். லட்சுமி வருகிற வேளை என்று வாசலைத் திறந்து, விளக்கேற்றி வைக்கிற நேரத்தில், விளக்கில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு செத்தவரைக் கூப்பிடுவதா? முருகா என்று மலையைப் பார்த்தேன். மேகம் மூடி மலையே தெரியவில்லை. உங்கள் சபையில் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வார்களா என்று சிஸ்டரைக் கேட்டேன். ஃபாதர் முகம் சுளித்தாராம், ஆனால் தடுக்கவில்லையாம்; ஊர்க்காரர்கள் அழைக்கட்டும், நான் வெளியே நின்று ஜெபமாலை சொல்கிறேன் என்றார் சிஸ்டர். சரி என்று நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த நாள் மழை இல்லை. மற்றக் குடித்தனக்காரர்கள் ஆளுக்கொரு சாக்கு சொல்லி வெளியே போய்விட்டார்கள். என் கணவர் மட்டும் கேட்டுக்கு வெளியே பீடியோடு நின்றார். அறையின் மூலையில் சாம்பலைத் தூவி, அந்தப் பெண் உள்ளங்கையால் மழமழவென்று தடவிவிட்டாள். நிழல் வந்தால் அதில் தடம் தெரியுமாம். கதவைச் சாத்தினோம். இருட்டில் நான், அவள், அவள் மடியில் குழந்தை. அந்த அறை நான் கட்டிய அறை, எத்தனையோ முறை பெருக்கிய அறை. அன்று அதன் சுவர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் விழுந்த இடத்துக்குப் பின்னாலிருந்த காலிமனையில் வைக்கோலால் சின்னக் குடிசை செய்து, அதைக் கொளுத்தி, "உன் வீடு எரிகிறது, எழுந்து வா" என்று அந்த இரண்டு ஊர்க்காரர்களும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வரும் வழியெல்லாம் இரும்பை இரும்பால் தட்டிக்கொண்டு வர வேண்டும். ஊரில் ஏர்க்கொழுவைத் தட்டுவார்களாம். இங்கே அவருடைய கொத்துக்கரண்டியை அரிவாளால் தட்டினார்கள்.

முதலில் மலைக்கோயில் மணிதான் கேட்டது. அது நின்ற பிறகு, வெகு தூரத்தில் டிங்... டிங்... என்று மெல்லிய சத்தம். ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியது. கேட்டைத் தாண்டியது. குழாயடியில் கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. பிறகு கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. என் கணுக்காலில் ஈரக்காற்று பட்டது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. கதவிடுக்கில் கசிந்த வெளிச்சத்தில், குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

நான் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன கொண்டு வந்தீர்கள், சுகமா துக்கமா?" என்பது. வெளியே இருப்பவர்கள் "சுகம்" என்பார்கள். தமிழில் கேட்டால் போதுமா என்று முன்பே கேட்டிருந்தேன். அவருக்குத் தமிழ் வரும் என்று அந்தப் பெண் சிஸ்டரிடம் சொன்னாளாம், ஏதோ வேலைக்குப் போயிருக்கிறவரைப் பற்றிச் சொல்வது போல. காலையிலிருந்து அந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அந்த நேரத்தில் கேள்வி மொத்தமாக மறந்துபோனது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், வாய் தானாகத் தன் பழக்கத்தைச் சொல்லிவிட்டது.

"சாப்ட்டியாப்பா?"

வெளியே இரும்புச் சத்தம் நின்றுவிட்டது. சிஸ்டரின் முணுமுணுப்பும் நின்றுவிட்டது. கெடுத்துவிட்டேன், இனி இவள் கதி என்ன என்று நினைத்தேன். அப்போது மிக அருகில், தணிந்த குரலில் பதில் வந்தது.

"இன்னும் இல்லக்கா."

வாசலில் தினமும் கேட்ட அதே பதில். பயத்தையும் மீறி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உள்ள வாப்பா, சோறு போடறேன்" என்றேன். கதவைத் திறந்தது யார் என்று நினைவில்லை.

விளக்கேற்றி, அந்தப் பெண் சாம்பலைக் குனிந்து பார்த்தாள். நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. அவள் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாள் அழாத அழுகையை அழுதாள். பிறகு என் அடுப்பில் வடித்த சோற்றை நானே பிசைந்து கொடுக்க, வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்த இரண்டு பேரில் யார் எனக்குப் பதில் சொன்னது என்று கேட்டேன். தாங்கள் பேசவில்லை என்றும், பதில் அறைக்குள்ளிருந்து வந்ததாகத்தான் நினைத்தோம் என்றும் சொன்னார்கள். சிஸ்டரைப் பார்த்தேன். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார். அந்த இரண்டு பேரில் ஒருவன் தன்னையறியாமல் சொல்லியிருப்பான் என்பது என் கணவரின் கட்சி. இருக்கலாம். நான் வாதாடப் போவதில்லை.

அந்த மாதக் கடைசியில் யாரும் காலி செய்யவில்லை. பூக்காரப் பெண் மட்டும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே குழந்தைக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட ஆரம்பித்தாள். அந்தப் பெண் மடத்தில் தையல் கற்று, இப்போது அங்கேயே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. ஒரு நாள் மனசு கேட்காமல், அப்பா எங்கே என்று அதைக் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த சிலேட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "உள்ளதான் இருக்காரு" என்றது.

அறையைக் காலி செய்யச் சொல் என்று இப்போது என்னிடம் யார் சொன்னாலும் முடியாது, நான் வாய்விட்டு உள்ளே வரச்சொன்ன ஆள் அங்கே இருக்கிறார். மடத்திலிருந்து சிஸ்டர் இன்னும் யாரையாவது அழைத்து வந்து வீடு கேட்கிறபோது, எந்த ஊர் என்ன சாமி என்பதைவிட, நாளைக்கு இந்தக் குடும்பத்துக்காக எந்த இருட்டில் உட்கார வேண்டிவருமோ என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொண்டே இருக்கும்போதே கை சாவியை எடுத்துவிடுகிறது.