நான்கு நாள் கத்திய சோப்பு டப்பா

இடது காதோரம் வெட்டி முடித்து, வலது காதைத் தொடாமல் என்னை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு, கண்ணாடிக்குக் கீழே குனிந்து நிற்கிறார் முடிவெட்டும் அண்ணன். அங்கே ஒரு சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது. உதடு அசைய எண்ணுகிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். கத்தரிக்கோலை விரலில் மாட்டியபடியே ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார்.

"நிமிஷத்துக்கு அறுபது வரணும் தம்பி. அம்பத்தேழுதான் வருது. மூணு எங்க போச்சுன்னு தெரியல."

வயது நாற்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாக முடி வெட்டுகிறார். ஒரு நாள் ஷேவிங் மெஷின் ஒன்று பழுதானதும் அதைப் பிரித்துப் பார்த்தார். பிரித்த கை பிறகு சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து ஆறு மாதமாக மின்சுற்று கட்டப் பழகுகிறார். பவுடர் டப்பாக்களில் பவுடர் இல்லை, மின்தடையங்கள் இருக்கின்றன. எந்நேரமும் ஏதாவது ஒரு விளக்கு மின்னுவதால் தெருவில் அவருக்குப் பெயர் 'சிக்னல்'. அவர் மனைவி சொல்வது வேறு: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு சம்சாரம். இன்னொருத்திக்கு எட்டுக் கால்." விளக்கை நேரம் பார்த்து மின்னவைக்கும் டைமர் சில்லின் கால்களைச் சொல்கிறார்.

எனக்கும் பாடம் நடக்கும். "கம்பேரேட்டர்னா ஒண்ணும் பெரிசில்ல. ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, யாரு உசரம்னு பாக்குறது. எவ்வளவு உசரம்னு கேட்டா அதுக்குத் தெரியாது. இவனா, அவனா, அவ்வளவுதான்." அந்த டைமர் சில்லுக்குள்ளேயே இரண்டு கம்பேரேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்த அன்று, வாடிக்கையாளர் ஒருவரின் மீசையை ஒரு பக்கம் அதிகமாக எடுத்துவிட்டார்.

மனைவிக்கு வேலை சுவருக்கு அந்தப் பக்கம், ரொட்டிக் கடையில். மதியம் பூட்டிக் கிடக்கும் கடையை மூன்று மணிக்குத் தனியாகத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, மாலை விற்பனைக்கு பிஸ்கட் சுடுவார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. "மூக்கு இப்ப அழகுக்குத்தான் இருக்கு," என்பார். நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார். அவர்களுடைய வீட்டுச் சமையலறைக்காகத்தான் சிக்னல் அண்ணன் அந்தப் பெட்டியைக் கட்டினார். பழைய சோப்பு டப்பாவுக்குள் ஒரு கேஸ் சென்சார், ஒரு கம்பேரேட்டர், ஒரு டைமர். காற்றில் கேஸ் கூடினால் கம்பேரேட்டர் சொல்லும். டைமர் விட்டு விட்டுக் கத்தும். எந்த அளவுக்கு மேல் கத்த வேண்டும் என்பதை வைக்க நீல நிறத்தில் ஒரு திருகு. வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் பார்த்துவிடலாம் என்று கடையிலேயே தரையோரமாக வைத்திருந்தார்.

முதல் நாள் மதியம் அது கத்தியது. சவரம் முடிந்து பூசும் லோஷனில் ஸ்பிரிட் இருக்கிறது, அதற்குத்தான் கத்துகிறது என்று திருகைக் கொஞ்சம் திருகினார். அடங்கியது. இரண்டாம் நாளும் மதியம். "வெயில்ல சாமானெல்லாம் தடுமாறுது," என்று இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் தன்னையே திட்டிக்கொண்டார். "கத்துக்குட்டி வேலை. எங்கேயோ ஈயம் பத்தவெச்சது சரியில்ல." மறுபடியும் திருகினார்.

நான்காம் நாள் நான் நாற்காலியில் இருந்தேன், முகம் முழுக்க நுரை. வெளியே புழுதிக் காற்று. மூன்று மணிக்குச் சற்று முன் டப்பா கத்தத் தொடங்கியது. அவர் சலித்துக்கொண்டே போய்த் திருகினார். நின்றது. என் கன்னத்தில் கத்தி இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் மீண்டும் கத்தியது. இந்த முறை கடைசிவரை திருகினார். நிற்கவில்லை.

"இதுக்கு மேல திருக இடமில்லையே," என்றார் மெதுவாக.

டப்பாவை ஒயரோடு கையில் தூக்கினார். கண்ணாடி உயரத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது. தரைக்கு இறக்கினார், கத்தியது. மீண்டும் தூக்கினார், இறக்கினார். இப்போது அவர் முகத்தில் சலிப்பு இல்லை. பொதுச் சுவரின் அடியில், தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டையருகே கொண்டுபோனதும் சத்தம் விடாமல் வந்தது. மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து மோந்து பார்த்தார்.

எழுந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த கத்தியை என் மடியில் போட்டுவிட்டு ரொட்டிக் கடைக்கு ஓடினார். நானும் நுரையோடு பின்னால் ஓடினேன்.

புழுதிக்காக மனைவி உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி, ஜன்னலையும் திறக்காமல் விட்டிருந்தார். அண்ணன் கதவைத் தள்ளியபோது அந்த அம்மா அடுப்பின் முன் குனிந்திருந்தார், கையில் லைட்டர்.

"அடிக்காதே." கத்தவில்லை; கெஞ்சுவதுபோல் வந்தது குரல். "கையை எடு. எதையும் தொடாதே."

"என்னங்க ஆச்சு?"

அண்ணன் லைட்டரைப் பிடுங்கினார். மனைவியை வெளியே தள்ளினார். சிலிண்டரை மூடினார். நான் ஜன்னல்களைத் திறந்தேன். எனக்கே தலை சுற்றியது, அத்தனை நாற்றம்.

அடுப்புப் பழுது பார்ப்பவர் அரை மணி நேரத்தில் வந்தார். அடுப்புக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ரப்பர் குழாயை வெட்டியெடுத்து, மடிப்பில் இருந்த வெடிப்பை விரித்துக் காட்டினார். "நாலஞ்சு நாளா கசிஞ்சிருக்கும்மா. பூட்டியிருக்கிற நேரத்துல அடியில தேங்கி நிக்கும். தினம் வந்ததும் கதவு ஜன்னலைத் திறந்துட்டுப் பத்தவெச்சதால தப்பிச்சீங்க."

நாலஞ்சு நாள் என்ற சொல்லைக் கேட்டதும் சிக்னல் அண்ணன் கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் போன ஒருவர், "பொழச்சுக்கிட்டீங்க, உங்க மெஷின் காப்பாத்திருச்சு," என்று தோளில் தட்டினார். அவர் அந்த மனிதரை யாரென்றே தெரியாதவர்போல் பார்த்தார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு நாளா அது சரியாத்தான் சொல்லிருக்கு," என்றார் அண்ணன். "நான் அதோட வாயைப் பொத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

"இன்னைக்குக் கேட்டீங்கல்ல. விடுங்க."

"இன்னைக்குத் திருக இடமில்லாமப் போச்சு. அதனால கேட்டேன்."

அந்த அம்மா கணவரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் லைட்டரை இறுக்கிப் பிடித்திருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன. "குடுங்க," என்றார். விரல்கள் விடவில்லை. சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக அவரே பிரித்தெடுத்தார்.