எந்தத் தோளில் முந்தி

நாட்டிய உடை தைப்பதில் காஞ்சிபுரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால். அரங்கேற்றம், பள்ளி ஆண்டுவிழா, சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துத் தேவதைகள், எல்லாம் என் மெஷினில் ஓடியவைதான். ஆனாலும் என் பெயர் 'டைலரம்மா'. உடை எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்வார்கள், நான் தைப்பேன்.

அதனால்தான் சென்னையிலிருந்து வந்த அந்த நடன ஆசிரியை, "டிசைனும் நீங்களே பண்ணுங்க, ட்ரையல்ல பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் எடுத்திருந்தது ஒரு கிரேக்கப் புராணக் கதை. துரத்தி வரும் தெய்வத்துக்குப் பிடி கொடுக்காமல் ஓடி, கடைசியில் மரமாகிவிடும் ஒரு நதியின் மகள், அவளுடைய தோழிகள். நூறு வருஷத்துக்கு முந்தைய பாலே பாணியில் ஆட வேண்டுமாம். அந்தக் காலத்துப் பாலேக்காரர்கள் இடுப்பை இறுக்கும் ரவிக்கையையும் விறைத்த குட்டைப் பாவாடையையும் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய கிரேக்கப் பானைகளில் வரைந்திருக்கும் பெண்களைப் பார்த்து உடை செய்தார்களாம். போனில் படங்களைக் காட்டினார். தோளிலிருந்து பாதம்வரை கொசுவம் கொசுவமாக விழும் துணி. இதைப் பார்த்துப் பயப்பட நான் என்ன நேற்றா பிறந்தேன்?

ஜரிகை இல்லாத மெல்லிய பட்டு வாங்கினேன். நனைத்து, விரலால் கொசுவம் பிடித்து, நூலால் கட்டி, கயிறுபோல முறுக்கி நிழலில் காயவைத்தேன். அவிழ்த்தால் அலை அலையாக நின்றது. ஒரு தோளில் மட்டும் நிற்கிற அங்கி. தோளிலிருந்து பாதம்வரை அகலமாக ஒரு கரை, அதில் நம் ஊர்ப் புடவைகளில் வரும் தாழம்பூ ரேக்கைக் கறுப்பில் தீட்டினேன். அந்தப் பானைகளிலும் அதே முக்கோண வரிசை இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

"உடம்போட ஒட்டி நிக்கறாப்ல டார்ட் பிடிங்களேன்" என்றார் ஆசிரியை. முடியாது என்றேன். பானையில் இருக்கிற பெண் எந்த டைலரிடம் அளவு கொடுத்தாள்? முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வெட்டு, ஒரே கழுத்து. என் வீட்டுக்காரர் சிரித்தார். "துணிய அப்டியே குடுத்துட்டு வந்துடேன்மா, தைக்கறதுக்கு என்ன இருக்குது இதுல?"

ட்ரையலுக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அந்த ஆட்டத்தில் யாரும் சபையைப் பார்த்துத் திரும்புவதில்லை. பானைச் சித்திரம்போல, நமக்கு இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாகவே நடக்கிறார்கள். முதல் பெண் நடந்தாள். வெறும் பட்டும், பக்கவாட்டில் நான் வைத்த கொக்கி வரிசையும்தான் தெரிந்தன. என் கரை முழுக்க அந்தப் பக்கம், சுவருக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தது.

இடது தோள்! முந்தி என்றால் இடது தோள்தானே? என் கை யோசிக்கவே இல்லை. நான் வரைந்து காட்டிய படத்தைப் பார்த்துத் தலையாட்டிய ஆசிரியையும் யோசிக்கவில்லை, அவரும் புடவை கட்டுகிறவர்தான்.

"எதிர்ப்பக்கத்துலேர்ந்து நடக்கச் சொல்லுங்களேன்" என்றேன். ஆட்டம் மொத்தமும் மாறிவிடும் என்றார். பிறகு மிகவும் மரியாதையாக, "தையல் ரொம்ப நல்லா இருக்கு டைலரம்மா. டிசைனை மட்டும் வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்."

அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டு என் முந்தியை இழுத்து வலது தோளில் போட்டேன், அந்தப் பக்கம் எப்படி விழுகிறது என்று பார்க்க. புடவை என்றால் சரியாக விழ அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். இது? முன்னும் பின்னும் ஒரே வெட்டு!

"கண்ணு, அத்த திருப்பிப் போட்டுக்கினு வா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"பின்பக்கம் முன்னாடி வருமே ஆன்ட்டி?"

"இதுல ஏதுமா பின்பக்கம்?"

திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். கொக்கிகள் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டன. நடந்தாள். கொசுவம் விரிந்து மூட, தாழம்பூ ரேக்கு அவளோடு ஓடியது. ஆசிரியை மறுபடி நடக்கச் சொன்னார், மறுபடியும் சொன்னார். அப்புறம் போனை எடுத்து யாரிடமோ, "இன்விடேஷன்ல காஸ்ட்யூம் டிசைன்னு தனியா ஒரு வரி விடுங்க, பேர் தரேன்" என்றார்.

காலி மூட்டைத்துணியோடு பஸ் ஏறி ஊர் வந்தேன். தெருமுனையில், தறியிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்த எதிர்வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா இது, சேட்டு வீட்டம்மா மாதிரி முந்திய வலது பக்கம் போட்டுக்கினு வர்ற? மறந்துட்டியா?"

குனிந்து பார்த்தேன். சென்னையிலிருந்து அப்படியே வந்திருக்கிறேன்.

"இல்லக்கா," என்றேன். "டிசைன்."