மகளின் நேர்காணலில் நான் வாய் திறந்தேன்

இன்று என் மகளிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்கள்.

அவள் டாக்டர். சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கான நேர்காணல், கணினி வழியாக. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் இணையம் விட்டு விட்டு வரும். அதனால் கியா பார்ம் சந்தையில் என் தம்பியின் ஸ்ட்ராபெரி கடைப் பின்னறையில் உட்கார்ந்தோம். யாரும் உள்ளே வந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு திரையில் இருந்த மூவரில் ஒருவர், “கல்யாணம் ஆனால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுவீர்களா?” என்றார்.

“ஆண் டாக்டர்களிடமும் இதைக் கேட்டீர்களா?” என்று கதவோரத்திலிருந்து மலாய் மொழியில் கேட்டேன்.

மகள் மன்னிப்புக் கேட்டதும் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

முடிந்ததும், “அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சும்மா. சொல்ல விட்டீங்களா?” என்று எழுந்து போய்விட்டாள்.

தம்பி சொன்னான்: “எஸ்டேட்ல வேலை வாங்குற கங்காணிகிட்ட சண்டை போடுற மாதிரியாக்கா பேசுறது? அவங்க பெரிய டாக்டருங்க லா.”

அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. இந்த ஓர் இடத்துக்காக அவள் ஐந்து வருடம் உழைத்தாள். என்னால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்களோ?

கேள்வியை நான் திரும்பப் பெறமாட்டேன். கேட்டவர் அதை ஆண்களிடமும் கேட்கட்டும், இல்லையென்றால் விட்டுவிடட்டும். என் வாய்க்கு அவள் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. தம்பி அடுத்த முறை என்னைக் கடையில் வியாபாரம் பார்க்க நிறுத்தட்டும். மகள் சாப்பிட வரட்டும்.

அம்மா பேசியதற்காக நேர்காணலில் யாரையாவது ஒதுக்கியிருக்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லை என்பவர்கள் மட்டும் எழுதினால் போதும்.