தோற்றுப்போன டீச்சரும் ஹட்டனுக்குப் போன டிவியும்

பேச்சியம்மாவுக்கு அட்டை என்றால் அருவருப்பு கிடையாது. கொழுந்து பறிக்கப் போன வயதிலிருந்து காலில் ஏறுகிற அட்டையைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து உதிர்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அவள் புருஷன் அழகன் வாயைத் திறந்தால் வரும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. அழகனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, அதைவிடப் பெரிய வேலை பேச்சு. சாவு வீடானாலும் சங்கக் கூட்டமானாலும் அவன் பேசினால் நாலு பேர் நின்று கேட்பார்கள். அதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது சித்திரைத் திருவிழாப் பட்டிமன்றம்.

மாரியம்மன் கோயில் மேடையில் அந்த வருஷத்துத் தலைப்பு, மனிதன் நிலவில் கால் வைத்தது உண்மையா, கட்டுக்கதையா என்பது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அழகனுக்குக் கட்டுக்கதை விழுந்தது. இந்தியாவின் விண்கலம் நிலவில் இறங்கிய அன்று, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து வாசலில் பட்டாசு கொளுத்திய மனுஷன் இவன்தான். சீட்டைப் பிரித்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டான்.

"காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படிங்க ஆடும்? நம்ம தோட்டத்துக்கு ஒழுங்கா ஒரு ரோடு போட முடியல, இவங்க நெலாவுக்குப் போனாங்களாம்! அங்கயும் போயி நம்மள மாதிரி மண்ணத்தான் அள்ளிக்கிட்டு வந்தாங்களாம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிர் அணியில் தோட்டத்துப் பள்ளிக்கூட சயன்ஸ் டீச்சர் சுலக்ஷனா. பாவம், அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. கொடியின் மேல் ஓரத்தில் கம்பி வைத்திருந்தார்கள், நடும்போது ஆடியது, காற்று இல்லாததால்தான் ஆட்டம் சீக்கிரம் நிற்கவில்லை. அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் இங்கிருந்து ஒளியை அனுப்பித் திரும்ப வாங்குகிறார்கள். கேட்க யாருக்குப் பொறுமை? சனம் கொட்டாவி விட்டது. நடுவர் எழுந்து, எந்தப் பக்கத்துக்குக் கை தட்டு அதிகமோ அந்தப் பக்கம் ஜெயித்தது என்றார். பட்டிமன்றம் எங்கள் பக்கம் அப்படித்தான் தீரும். அழகன் கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்தான்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். இங்கே கேட்டவர்களுக்கு மட்டுமில்லை, சொன்னவனுக்கே புத்தி போய்விட்டது. ஃபோனும் கையுமாகக் கிடந்தான். நிலாவில் தொடங்கி, தடுப்பூசி பொய், மழை அறிவிப்பு பொய், உலகமே நாடகம் என்று வளர்ந்தது. யாராவது ஒன்று கேட்டால் பதில் சொல்லமாட்டான், திருப்பி ஒரு கேள்வி கேட்பான். "நீ போயி பாத்தியா?" அந்த வார்த்தையைக் கேட்டாலே பேச்சியம்மாவுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

நிலாவுக்கு யார் போனார்கள், போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் பட்டாசு கொளுத்திய கை எதுவென்று தெரியும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில் நிலம் நீளமாக வாய் பிளந்திருந்தது. கண்டியிலிருந்து வந்த அதிகாரிகள் பார்த்துவிட்டு, உடனே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்கள். சுலக்ஷனா டீச்சர்தான் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்று தமிழில் சொன்னாள்.

"இந்த டீச்சர்தானே பட்டிமன்றத்துல தோத்தது?" என்றார் நல்லமுத்து, கடைசி வீட்டுக்காரர். "அழகன் என்னா சொல்றான்னு கேப்பம்."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். மலை சரியுமா சரியாதா என்று கேட்க, மேடையில் கை தட்டு வாங்கினவனைத் தேடிப் போனார்கள். அழகனும் சளைக்கவில்லை. "இப்ப எழும்பிப் போனா திரும்பி வர விடுவாங்களா? நம்மள வெரட்டிட்டு இங்க ஓட்டல் கட்டப் போறாங்க. வெடிப்பு எத்தன மழைக்கு வந்திருக்கு! யாரும் அசையாதீங்க." சனத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீடு தருகிறோம், காணி தருகிறோம் என்று தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டவர்களுக்கு நல்ல சொல்லும் பொய்யாகத்தான் கேட்கும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டே பேசினான் பாருங்கள்.

மறுநாள் மழையில் கொழுந்து வேலையை நிறுத்திப் பெண்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பாதை முனையில் பேச்சியம்மாவைக் கண்டு இம்தியாஸ் ஆட்டோவை நிறுத்தினான். ஹட்டன் டவுன் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற பையன், தெரிந்தவன்.

"அக்கா, நீங்க இன்னும் போகல்லயா? அண்ணன்ட டிவி, கேஸ் சிலிண்டர், சட்டிபான எல்லாம் நேத்தே ஹட்டன்ல அவருட தங்கச்சி வீட்டுல எறக்கிட்டேனே. மல வுழப் போகுது, யாருக்கும் சொல்லாதன்னு சொன்னாரு. நீங்களும் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

டிவி பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது, கேஸ் மாற்றப் போட்டிருக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். விசேஷத்துக்கு எடுக்கிற சட்டிபானை தகரப் பெட்டிக்குள் கிடப்பது, அதை அவள் திறந்து பார்க்கவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம். பெண்டாட்டியும் ஊரில் ஒருத்தியாகிப் போனாள்.

அவள் லயத்துக்கு வந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் அழகன் பேசிக்கொண்டிருந்தான். பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"எல்லாரும் எங்க வீட்டுக்குள்ள வாங்க. அம்மாக்கண்ணு அக்கா, நீங்க மொதல்ல வாங்க. டிவி இருந்த எடத்தப் பாருங்க."

டிவி வைத்திருந்த பலகையில் கேடயம் மட்டும் இருந்தது. டிவி இருந்த அளவுக்குச் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம்.

"நெலாவுக்குப் போனாங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எங்க வீட்டு டிவி ஹட்டனுக்குப் போயிருச்சு. மல வுழும்னு தெரிஞ்சுதான் இந்த மனுசன் அனுப்பியிருக்கு. டிவிக்கு உசிரு இருக்கு, நமக்கு இல்ல. இப்பத் தட்டுங்க கைய!"

அழகன் சிரிக்கப் பார்த்தான். "இவளுக்கு என்னா தெரியும்? அது ரிப்பேருக்கு..."

"கேஸ் சிலிண்டருமா ரிப்பேரு?" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டு.

அதற்குமேல் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கட்டின துணியோடு சனம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. நல்லமுத்து தன் நாயையும் சங்கிலியோடு இழுத்து வந்தார். கடைசி ஆளாக அழகனும் வந்து சேர்ந்தான், வெட்கமே இல்லாமல்.

விடிந்த பிறகு மேடு சரிந்தது. லயத்தில் பாதியைக் காணவில்லை. நல்லமுத்துவின் வீடு இருந்த இடத்தில் சேறும் வேரும்தான் கிடந்தன. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுலக்ஷனா டீச்சர் அடுப்பு மூட்டிப் பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கேமராவோடு ஒரு டிவிக்காரர் வந்தார். யார் முன்னால் போய் நின்றது என்று நினைக்கிறீர்கள்?

"நான்தாங்க மொதல்லயே கண்டுபிடிச்சேன்," என்றான் அழகன், தலையைக் கோதிக்கொண்டு. "சனம் நம்பல. நான்தான் எல்லாரையும் கெளப்பிக் கூட்டியாந்தேன்." பேசி முடித்துவிட்டுக் கேமராக்காரரிடம் கேட்டான். "எப்பங்க டிவியில போடுவீங்க?"

பேச்சியம்மா வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"டிவிதான் தங்கச்சி வீட்டுல சொகமா இருக்கே. அங்கயே போயி ஒங்க மொகத்தப் பாத்துக்கங்க. திரும்பி என்கிட்ட வராதீங்க."

அழகன் சுற்றிலும் பார்த்தான். ஒருவராவது சிரிப்பார்களா என்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. மத்தியான பஸ்ஸில் அவன் ஹட்டனுக்குப் போனான்.